ஆஞ்சியோவுக்குப் பின் பார்வையில் பாதி மறைந்தால்



1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் கை இரத்தக்குழாய் வழியே தாமே ஒரு குழாயை இதயம்வரை செலுத்திப் படம் எடுத்தார். அன்று ஏச்சு வாங்கியவருக்கு 1956-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று மணிக்கட்டு அல்லது தொடை வழியாக ஆஞ்சியோ செய்துகொண்டு மறுவாரமே கல்லாவில் அமர்பவர்கள் நம்மிடையே உண்டு. அஞ்ச வேண்டிய சிகிச்சையன்று. ஆனால் கையொப்பமிடும் படிவத்தில் 'பக்கவாதம்' என்றொரு சொல் இருக்கும். கடன் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கும் நாம் இதை மட்டும் படிப்பதில்லை!

குழாய் இதயத்தை அடையுமுன் பெருந்தமனியின் வளைவைக் கடக்கிறது. மூளைக்குச் செல்லும் குழாய்கள் அங்கிருந்துதான் பிரிகின்றன. வளைவில் படிந்த கொழுப்புக் காறை உரசிப் பெயர்ந்தாலோ, குழாய் நுனியில் இரத்தம் உறைந்தாலோ, அத்துகள் மேலே போய் அடைத்துவிடும். சோதனை மட்டும் செய்வோரில் இது ஆயிரத்துக்கு ஓரிருவர். ஸ்டென்ட் வைப்போரில் சற்றுக் கூடுதல். முதியோர், சர்க்கரை நோயாளிகள், முன்பே பக்கவாதம் கண்டவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வாய் கோணுவதும் கை தளர்வதும் எல்லோரும் அறிந்தவை. துகள் பின்மூளையை அடைத்தால் அறிகுறி பார்வையில் மட்டுமே தெரியலாம். வலப்பாதி மறைந்தவர் பேரேட்டில் 1,250 என்பதை 12 என்று வாசிப்பார். வலப்பக்கம் நிற்கும் வாடிக்கையாளரைக் கவனிக்கமாட்டார். 'ஒரு கண் போச்சு' என்றே நினைப்பார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கட்டும். இரு கண்ணிலும் அதே பாதி மறைந்தால் கோளாறு மூளையில். ஒரே கண் இருண்டால் விழித்திரைக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இரண்டுமே அவசரம்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போவது வீண்.

அரிதாக, படத்துக்காகச் செலுத்தும் மருந்தே சிலருக்குத் தற்காலிகமாகப் பார்வையை மறைக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் திரும்பிவிடும். எது என்பதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். நாமே 'மருந்தின் மயக்கம்' என்று படுத்துவிடக் கூடாது.

மருத்துவமனையில் இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டில் என்றால் 108. உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரமும், சாப்பிடும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளின் சீட்டும் கையில் இருக்கட்டும். பார்வைப் பரப்பு குறைந்தவர், கண் மருத்துவர் சோதித்துச் சம்மதிக்கும்வரை கொள்முதலுக்கு ஸ்கூட்டர் எடுக்க வேண்டாம், பையனை அனுப்பலாம்.