கணனியின் விதைநெல்: மீட்புப் பிரிவை அழிக்கலாமா?



விதைப்பு, உரம், கடன், காணி என்று பேசிவரும் இப்பக்கங்களில் இம்முறை கணனி பற்றிய பாடம் ஒன்றைப் படிக்கவிருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் 1985இலும் 1990இலும் 2006இலும் ஊர் விட்டு ஓடியவர்கள் வீட்டையும் மாட்டையும் மட்டும் இழக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த பத்திரங்களையும் இழந்தார்கள். 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து வெளியேறிய மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. அவ்வேளைகளில் ஒருவர் கையில் இருக்கும் கடதாசியின் பெறுமதி எவ்வளவு என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காணி அனுமதிப் பத்திரம், உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து சங்கத்தின் மடிக்கணனியில் சேர்த்துவைப்பது ஆகவே நல்ல பழக்கம். பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனாலும் அதிலுள்ள இலக்கமும் திகதியும் இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவேட்டைத் தேடிக் கேட்பது எளிது. அந்தக் கணனி பெரும்பாலும் யாரோ பாவித்துக் கொடுத்ததாகவே இருக்கும். சில காலத்தில் இடம் நிறைந்துவிடும். அப்போது கணனி படித்த பிள்ளை ஒன்று, "ரிகவரி என்று 15 ஜிபி சும்மா கிடக்குது, அழிச்சுவிடுவமா?" என்று கேட்கும். இந்தக் கேள்விக்கு எப்படி முடிவெடுப்பது என்பதே இன்றைய பாடம்.

வன்தட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு வயலை வரம்பு கட்டிப் பிரிப்பதுபோல வன்தட்டையும் பல பிரிவுகளாகப் பிரித்தே கணனி வருகிறது. நாம் அன்றாடம் பாவிப்பது சி ட்ரைவ் என்ற பெரிய பிரிவு. அதைவிட மூன்று வகைப் பிரிவுகள் கண்ணில் படாமல் இருக்கலாம்.

முதலாவது, கணனியை இயக்கித் தொடக்கும் பிரிவு. இஎஃப்ஐ என்று பெயர் காட்டும்; 100 முதல் 260 எம்பி வரையே இருக்கும். இதை அழித்தால் கணனி எழும்பாது. இதை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது.

இரண்டாவது, விண்டோஸின் சிறு மீட்புப் பிரிவு. 500 எம்பி முதல் 1 ஜிபி வரை இருக்கும். விண்டோஸ் எழும்ப மறுக்கும்போது திருத்தும் கருவிகள் இதற்குள் உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் மேம்படுத்தல், இப்பிரிவில் 250 எம்பி வெற்றிடம் இல்லாத கணனிகளில் நிறுவப்படாமல் நின்றது. இதை அழித்துக் கிடைக்கும் இடம் சொற்பம், இதையும் விட்டுவிடுவோம்.

மூன்றாவது, கணனியைச் செய்த கம்பனி வைத்த தொழிற்சாலை மீட்புப் பிரிவு. 10 முதல் 20 ஜிபி வரை பிடிப்பது இதுவே. எச்பி கணனிகள் பலவற்றில் எஃப்11, ஏசுஸில் எஃப்9, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10 ஆகிய விசைகளால் இது திறக்கும். நமது கேள்வி இந்த மூன்றாவது பிரிவைப் பற்றியதே.

அது எதைக் காக்கும், எதைக் காக்காது?

இதை வீட்டு மூலையில் கட்டிவைத்த விதைநெல் மூடையாக எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வந்து பயிர் அழிந்தால் விதைநெல்லைக் கொண்டு மீண்டும் விதைக்கலாம். அழிந்த விளைச்சலை அது திருப்பித் தராது. மீட்புப் பிரிவும் அப்படியே. கடையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குக் கணனியைக் கொண்டுபோகும். அப்படிக் கொண்டுபோகும்போது இடையில் நாம் சேர்த்த பத்திரப் பிரதிகளை அழித்துவிடவும் கூடும். "ரிகவரி இருக்குது, எங்கட ஃபைல் எல்லாம் பத்திரம்" என்று நம்புவது பெரிய ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. வீடு எரிந்தால் மூலையில் இருந்த விதைநெல்லும் எரியும். வன்தட்டு பழுதானாலோ கணனி திருடப்பட்டாலோ, அதே தட்டில் இருக்கும் மீட்புப் பிரிவும் போய்விடும்.

எவ்வளவு இலாபம்?

128 ஜிபி என்று விற்கப்படும் தட்டு கணனியில் 119 ஜிபி என்றே காட்டும். அதில் 15 ஜிபி என்பது எட்டில் ஒரு பங்கு, கவனிக்கத்தக்க இடம். 500 ஜிபி தட்டில் அதே 15 ஜிபி நூற்றுக்கு மூன்று பங்கே.

அடுத்து நமது தேவையைக் கணக்கிடுவோம். ஸ்கேன் செய்த ஒரு பக்கம் 1 எம்பி என்றும், ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பக்கம் என்றும் கொண்டால், நூறு குடும்பங்களின் பத்திரங்கள் ஏறக்குறைய 1 ஜிபிக்குள் அடங்கும். தட்டை நிரப்புவது பத்திரங்கள் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. படங்கள், வீடியோக்கள், பதிவிறக்கக் கோப்புறை, குப்பைத் தொட்டி, பழைய விண்டோஸின் மிச்சங்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அவற்றைத் துப்புரவாக்கியதும் பல வேளைகளில் கேள்வியே எழாது.

வைத்திருப்பதா, அழிப்பதா?

கணனி வந்தபோது இருந்த அதே விண்டோஸ் இன்றும் இருக்கிறது, மீட்பு யூஎஸ்பி எதுவும் செய்யவில்லை, இணைய வசதியும் குறைவு என்றால் பிரிவை வைத்திருங்கள். விண்டோஸைப் புதிதாகப் பதிவிறக்கப் பல ஜிபி டேட்டா செலவாகும். கிராமத்தில் அது சிறிய செலவு அல்ல.

விண்டோஸ் 7 உடன் வந்த கணனி பின்னர் விண்டோஸ் 10க்கு மாறியிருந்தால், பழைய பிரிவு திருப்பித் தருவது விண்டோஸ் 7ஐத்தான். அதற்கான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. இத்தகைய பழைய விதைநெல்லின் முளைதிறன் குறைவு. இடம் உண்மையிலேயே தேவைப்பட்டால் அழிக்கலாம்.

அழிப்பதற்கு முன்

1. பத்திரப் பிரதிகளை வெளியே எடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது நல்ல விதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஒரே கரையில் வைத்தவை ஒன்றாகவே போயின.

2. விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பி ஒன்றைச் செய்யுங்கள். 8 ஜிபி போதும். அந்தக் கணனியையே மீட்கும் மீட்பு யூஎஸ்பி என்றால் குறைந்தது 16 ஜிபி வேண்டும். யூஎஸ்பியில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதையே கொடுங்கள்.

3. அந்த யூஎஸ்பியிலிருந்து கணனி எழும்புகிறதா என்று பாருங்கள். முளைக்கப்போட்டுப் பார்க்காமல் விதைநெல் என்று சொல்ல முடியாது.

4. விண்டோஸின் உரிம இலக்கத்தைத் தேடுங்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், கம்பனிக் கணனிகளில் அது பெரும்பாலும் கணனிக்குள்ளேயே பதியப்பட்டிருக்கும். விண்டோஸ் 7 கணனியில் அடிப்பக்க ஒட்டியில் இருக்கும், தேய்ந்துபோகுமுன் எழுதிவையுங்கள்.

5. அழிக்கும் கட்டளை பிரிவின் இலக்கத்தைக் கேட்கும். இலக்கம் ஒன்று மாறினால் சி ட்ரைவே போய்விடும். ஆகையால் இரண்டு பேர் சேர்ந்து பார்த்துச் செய்யுங்கள். அழித்த இடம் தானாகச் சி ட்ரைவுடன் சேராது. அது சி ட்ரைவுக்கு உடனடி வலப்பக்கத்தில் இருந்தால் மட்டுமே விண்டோஸின் கருவி இலகுவாகச் சேர்க்கும். நடுவே வேறு பிரிவு இருந்தால் வரம்பு வெட்ட இயலாத துண்டுக் காணிபோல் தனியே கிடக்கும். இதை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தில் ஒன்றேனும் செய்யப்படாவிட்டால், அந்த நாளில் அழிக்க வேண்டாம். முடிவையும் கணனி தெரிந்த பிள்ளையின் தலையில் போட்டுவிடாதீர்கள். கணனிக்குள் இருப்பது எல்லோருடைய பத்திரமும் என்பதால், சங்கக் கூட்டத்தில் பேசி, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

கூடிப் பேசுவதற்கான வினாக்கள்

1. நமது பத்திரப் பிரதிகள் இன்று எத்தனை இடங்களில் உள்ளன? அவற்றுள் ஊருக்கு வெளியே எத்தனை?

2. சங்கக் கணனி நாளை எழும்பாவிட்டால் நம்மிடம் இருக்கும் வழி என்ன? அதைப் பரீட்சித்துப் பார்த்தோமா?

3. கணனித் தட்டை நிரப்பியிருப்பது எது? அதில் வேண்டாதது எவ்வளவு?

4. கணனியைப் பொறுப்பேற்றவர் ஊரில் இல்லாதபோது, பிரதிகள் எங்கே இருக்கின்றன என்று அறிந்த வேறு இருவர் யார்?