கன்றுக்கும் ஆட்டுக்கும் புழு நீக்கும் காலத்திட்டம்

ஸ்கந்தபுரம், அக்கராயன் முதலிய இடங்களில் கமக்காரர் பலர் நெல், காய்கறிச் செய்கையுடன் மாடும் ஆடும் வளர்க்கின்றனர். கன்று மெலிந்து வயிறு உப்பிய பின்னர் பூச்சி மருந்து தேடினால், பல வேளைகளில் கன்று பிழைப்பதில்லை. புழு பெருகும் முறையை அறிந்து, மருந்து கொடுக்கும் நாளை முன்னரே குறித்துவைத்தல் வேண்டும்.

எருமைக்கன்று: பெரிய வட்டப்புழுவின் குடம்பிகள் தாயின் உடலில் தங்கியிருந்து, கன்று ஈன்றதும் பால் வழியே கன்றைச் சேர்கின்றன. ஆதலால் கொட்டில் சுத்தமாயிருப்பினும் கன்று தப்புவதில்லை. ஏறக்குறைய மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து, அதன் முட்டைகள் சாணத்துடன் வெளிவரும். 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் பைரன்டல் போன்ற மருந்தைக் கொடுத்தால், முட்டையிடுமுன் புழு அழியும். புழுவுக்கு அஞ்சிக் கடும்புப்பாலை நிறுத்தலாகாது. கன்றுக்கு நோயெதிர்ப்புச் சக்தியைத் தருவது அதுவே.

ஆடு: நான்காம் இரைப்பையில் வாழும் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், புழுக்கையிலுள்ள முட்டை பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் குடம்பி புல்லில் ஏறும். ஆகவே வடகீழ்ப் பருவமழையே ஆபத்தான காலம்.

1. புரட்டாதி: புழுக்கையைக் கால்நடை வைத்தியரிடம் பரிசோதிப்பித்து, தேவையான ஆடுகளுக்கு மருந்து கொடுக்கவும்.
2. ஐப்பசி முதல் மார்கழி வரை: இரு வாரத்துக்கு ஒருமுறை கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கவும். வெளிறியிருப்பின் அல்லது தாடையின் கீழ் வீங்கியிருப்பின் உடனே மருந்து தேவை. குட்டிகளையும் அண்மையில் ஈன்ற ஆடுகளையும் கூடுதலாகக் கவனிக்கவும்.
3. தை, மாசி: மீண்டும் பரிசோதிப்பிக்கவும்.

சிவந்த இமையுடைய கொழுத்த ஆட்டுக்கும் அடிக்கடி மருந்து ஊட்டினால், மருந்துக்கு அழியாத புழுக்களே மிஞ்சும். குறைந்த அளவு கொடுத்தாலும் அதுவே நேரும். உடல் நிறைக்கேற்ற அளவையும், சினை ஆட்டுக்கு ஏற்ற மருந்தையும், பாலையும் இறைச்சியையும் விலக்கவேண்டிய நாட்களையும் வைத்தியரிடம் கேட்டறிக.

பச்சைச் சாணத்தையும் புழுக்கையையும் மேய்ச்சல் நிலத்தில் இடலாகாது. குவித்து மக்கவைத்து, வெளிப்புறத்தை உள்ளே புரட்டினால், உள்வெப்பத்தில் பெரும்பாலான முட்டைகள் அழியும். நன்கு மக்கிய எரு மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு உகந்தது. பனி உலர்ந்த பின்னரே ஆடுகளை மேயவிடுக.

கன்று பிறந்த தேதியை அன்றே கொட்டிலில் எழுதிவைப்பவர் மருந்து கொடுக்கும் நாளைத் தவறவிடார்.