பட்டம் வென்ற மறுநாளே வேலை போனது

ஸ்பெயினுக்குக் கால்பந்து உலகக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேயை ரியல் மாட்ரிட் கிளப் வீட்டுக்கு அனுப்பியது உண்மையா? – வாசகர், மதுரை

உண்மைதான். 2003 ஜூனில் ஸ்பெயின் லீக்கான லா லிகா பட்டம் வென்ற மறுநாளே அவரை அனுப்பிவிட்டார்கள். 2000, 2002-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் வாங்கித் தந்தவர் அவர்! பெருந்தவறு அது. அடுத்த லா லிகா பட்டத்துக்கு ரியல் மாட்ரிட் 2007 வரை காத்திருந்தது.

பிறகு ஸ்பெயின் அணியின் பயிற்சியாளராக அவர் சந்தித்த 2010 உலகக் கோப்பையில் முதல் ஆட்டமே சுவிட்சர்லாந்திடம் தோல்வி. விமர்சனங்களுக்கு டெல் போஸ்கே அசரவில்லை. நெதர்லாந்துடனான இறுதிப் போட்டியில் நவாஸ், ஃபாப்ரிகாஸ், டோரஸ் மூவரையும் மாற்று வீரர்களாக இறக்கினார். 116-வது நிமிடம்... நவாஸ் பந்தோடு பாய்ந்தார். டோரஸ் உள்ளே அடித்தார். எதிரணி சரியாக விலக்காத பந்தை ஃபாப்ரிகாஸ் தட்டிவிட, இனியெஸ்டா கோல்! அந்த மூன்று பேர் காலும் பட்ட கோல் அது.

2012-ல் யூரோ கோப்பையும் வந்தது. உலகக் கோப்பை, யூரோ, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான்.