முதலில் பழைய வண்டி உங்கள் பேரிலிருந்து இறங்கட்டும்

கேள்வி: ஐயா, பென்னாகரத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். 2010-இல் பதிவான மிட்சுபிஷி செடியா கார் ஓட்டுகிறேன். டி.என். 29 நம்பர், நானே முதல் ஓனர். ஒகேனக்கல் மலைப்பாதை வளைவுகளில் அது தரையைப் பிடித்துக்கொண்டு போகிற சுகம், இப்போது வருகிற உயரமான வண்டிகளில் இல்லை. ஆனால் ஸ்பேர் கிடைப்பதில்லை; ஆர்.சி. முடிந்தும் பத்து மாதம் ஆகிறது. 15 வருடம் தாண்டிய வண்டியை அரசாங்கமே பிடுங்கி நசுக்கிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். தருமபுரி புரோக்கர் ஒருவர், "எண்பதாயிரம் தர்றேன், 29, 30 பாரத்துல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறார். அடுத்த வண்டியாக என் மச்சான் பெங்களூரில் ஒரு 2018 ஸ்கோடா ஆக்டேவியா பார்த்து வைத்திருக்கிறார். கே.ஏ. 51 நம்பர், பன்னிரண்டு லட்சம் சொல்கிறார்கள், பேங்க் டியூ கொஞ்சம் பாக்கி. இன்ஜினில் 'ஸ்டேஜ் 1' செய்து பவர் ஏற்றியிருக்கிறார்களாம். மகனோ புதிதாக ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜி.டி. எடுக்கச் சொல்கிறான். எதை எடுத்தால் பின்னால் வம்பு வராது?

— வாசகர், பென்னாகரம்

பதில்: எந்த வண்டி வளைவில் நன்றாக நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஸ்பேர் கிடைக்காததும் வியப்பில்லை. உங்கள் செடியா ஜப்பான் பேர் கொண்டதே தவிர, பிறந்தது நம் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில். அந்த ஆலையில் இன்று சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. வம்பு வராமல் இருக்க வேண்டும் என்கிறீர்களே, அதற்குப் புது வண்டியைவிடப் பழைய வண்டிதான் முக்கியம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஆக்டேவியா அல்ல, அந்தப் புரோக்கர் கேட்கும் இரண்டு கையெழுத்து.

அதற்கு முன் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 15 வருடம் ஆனதற்காகவே தனியார் காரைப் பறிமுதல் செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் காற்று மாசைக் காரணம் காட்டி, 10 வருடம் கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறம் 2023-இல் மத்திய அரசு, அரசுத் துறைகளுக்குச் சொந்தமான 15 வருட வண்டிகளின் பதிவை நீட்டிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. இந்த இரண்டும் வாட்ஸ்அப்பில் கலந்து, பென்னாகரம் வந்து சேரும்போது "எல்லா வண்டியையும் நசுக்கப் போகிறார்கள்" என்று ஆகிவிட்டது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 41-இன்படி தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு வண்டியை ஆய்வாளரிடம் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். படிவம் 25-இல் விண்ணப்பம். 15 வருடம் கடந்து 20 வருடம் தாண்டாத காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500. உங்கள் பத்து மாதத்துக்கு 5,000 சேர்த்தால் பத்தாயிரம். அதோடு பசுமை வரி. ஒவ்வொரு மாதமும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பத்து மாதமாக வண்டியைக் கடைக்கு எடுத்துப் போய் வருகிறீர்கள் என்றே நினைக்கிறேன். நிறுத்துங்கள். பதிவு இல்லாத வண்டியை ஓட்டினால் பிரிவு 192-இன்படி முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம். அபராதம்கூடச் சின்ன விஷயம். யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் சுஷில் குமார் கோதாரா வழக்கில், தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு வண்டி ஜோத்பூரில் திருடு போனது. பாலிசி இருந்தும் நஷ்ட ஈடு கிடையாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவில்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது என்பது காரணம். உங்கள் ஆர்.சி. முடிந்த கதையையும் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கும்.

இப்போது புரோக்கர். படிவம் 29 என்பது வண்டியை விற்றுவிட்டேன் என்று நீங்கள் பதிவு அலுவலகத்துக்குத் தரும் அறிவிப்பு. படிவம் 30 பேர் மாற்றக் கோரும் விண்ணப்பம். வாங்குபவர் பேர் எழுதாமல் இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வது நம் பக்கத்தில் நாள்தோறும் நடப்பதுதான். புரோக்கர் அந்தத் தாள்களோடு வண்டியை இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்குத் தள்ளிவிடுவார். பேர் மாற்றும் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். நாலு கை மாறிய பிறகும் ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பேர்.

நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதுதான் நடந்தது. ஆர்.சி.யில் பேர் இருந்தவர் 2007-இலேயே காரை விற்றுவிட்டார். அது கைமாறிக் கைமாறிப் போனது. 2009 மே மாதம், பின்பக்கமாக எடுக்கும்போது அந்தக் கார் நடந்து போனவர்கள் மேல் மோதி, ஓர் உயிர் போயிற்று. விற்றதற்கு ஆதாரம் இருக்கிறது, வண்டி என்னிடம் இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த விடை: சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றால் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர், விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே வருடக் கடைசியில் பிரகாஷ் சந்த் டாகா வழக்கில், விற்று ஒரு மாதம்கூட ஆகாத வண்டிக்கும் இதே நிலைதான் என்றது. தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்து நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் செடியா இன்சூரன்ஸ் இல்லாமல் யாரோ ஓட்டி அங்கே ஒரு குடும்பத்தின் மேல் மோதினால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகைக்கு உங்கள் உரக்கடையும் வீடும் பதில் சொல்ல வேண்டி வரும். கர்நாடகத்திலிருந்து குட்கா ஏற்றி வந்து வண்டி பிடிபட்டாலும், போலீஸ் நம்பரை வைத்து முதலில் வந்து தட்டுவது உங்கள் கதவைத்தான்.

இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இந்த நேரம் முதல் சகல பொறுப்பும் வாங்குபவரையே சேரும்" என்று டெலிவரி நோட் எழுதுகிறார்களே, அது போதாதா என்பீர்கள். எழுதி வாங்குங்கள்; தேதியும் மணியும் போட்டு, வாங்குபவரின் ஆதார் நகலோடு வாங்குங்கள். பிற்பாடு அவர் மேல் நீங்கள் வழக்குப் போட அது உதவும், போலீஸ் விசாரணையிலும் கைகொடுக்கும். விபத்தில் பாதிக்கப்பட்டவரை அது கட்டுப்படுத்தாது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். விற்பதென்றால் முதலில் ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள், அது உயிரோடு இல்லாமல் பேர் மாறாது. வாங்குபவர் பேரும் முகவரியும் நிரப்பிய படிவத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். விற்ற 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது பிரிவு 50-இன்படி உங்கள் கடமை, புரோக்கருடையது அல்ல. தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பரிவாகன் தளத்தில் உங்கள் நம்பரைத் தட்டிப் பாருங்கள். அங்கே புதுப் பேர் வரும்வரை விலைக்கு மேல் ஒரு பத்தாயிரத்தைப் புரோக்கரிடம் ஈடாக வாங்கி வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. பேர் மாறிய பிறகு திருப்பித் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள், வேலை தானாக நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப் பெற்றவரிடம் வண்டியை விடும்போது படிவம் 29சி மூலம் தகவல் ஏற்றினால், அதிலிருந்து அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் தருமபுரிக்காரரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஸ்பேரே இல்லாத வண்டிக்கு இத்தனை பாடா என்று தோன்றினால் ஸ்கிராப். காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். இரும்பு போய்விடும், ஆர்.சி. உங்கள் பேரிலேயே கிடக்கும். அந்த ஆர்.சி.யை வேறொரு திருட்டு வண்டிக்கு மாட்டியவர்கள் உண்டு. பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் அடுத்த சொந்தக் காருக்கு வாகன வரியில் 25% வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. அதோடு பிரிவு 55-இன்படி பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஆக்டேவியா. பன்னிரண்டு லட்சம் என்பது பெங்களூர் விலை. பென்னாகரம் விலை வேறு. கர்நாடக வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். வாங்கிய 30 நாட்களுக்குள் தருமபுரியில் பேர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும்; நீங்கள் கொடுக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கு அல்ல, வண்டியின் புது விலைக்கு, வயதுக்கேற்ற சதவீதத்தில். கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். கேட்டு வாங்க யாரால் அலைய முடிகிறது என்பது வேறு கேள்வி. ஓசூரிலும் தருமபுரியிலும் கே.ஏ. நம்பரோடே வருடக்கணக்கில் ஓட்டுபவர்களைக் காட்டி உங்கள் மச்சான் வாதாடுவார். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது பிரிவு 47. அதைவிட, பாலிசியில் பேர் மாறாதவரை உங்கள் வண்டிக்கு அடிபட்டால் உங்களுக்கு நஷ்ட ஈடு வராது. ஆர்.சி. மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே கூடப் போகும், சொந்தச் சேதக் காப்பீடு போகாது என்று 1995-லேயே கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாலிசியை உங்கள் பேருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதுங்கள்.

டியூ பாக்கியை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் லோன் கணக்கிலேயே நேராகச் செலுத்தி, வங்கியின் என்.ஓ.சி.யும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் வாங்குங்கள். அடமானம் ஆர்.சி.யிலிருந்து நீங்காமல் பேர் மாறாது.

'ஸ்டேஜ் 1' என்று சொன்னீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு புரோகிராம் ஏற்றுவது. வளைவில் ஆசை வரும்தான், மறுக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது பிரிவு 52, கேரள ஆர்.டி.ஓ. எதிர் ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராகவே படித்தது. பிரிவு 182ஏ-இன்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சாலையில் நிறுத்தி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்டுபிடிக்கக் கூடும். வாங்குவதென்றால் கம்பெனி நிலைக்கே திருப்பித் தரச் சொல்லி, சர்வீஸ் ரசீதோடு வாங்குங்கள்.

விற்பவர் வியாபாரியா தனி ஆளா என்பதும் பெரிய வித்தியாசம். வியாபாரி கிலோமீட்டரைக் குறைத்து ஏமாற்றினால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். பெங்களூருக்கு ஓட வேண்டாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. சிவில் கோர்ட், மோசடிப் புகார் என்று போக வேண்டியதுதான்.

வெர்ட்டஸுக்கு ஆவணச் சிக்கல் இல்லை, பணம்தான். நான்கு மீட்டருக்கு மேல் நீளமான கார் என்பதால் ஜி.எஸ்.டி. 40%, 2025 செப்டம்பர் 22 முதல் தனி செஸ் கிடையாது. தமிழ்நாட்டு ஆயுள் வரி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 2023 நவம்பரிலிருந்து 18%. 16 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 2,88,000. ஆக்டேவியாவின் வரி, டியூ, நம்பர் மாற்றம், சரிசெய்யும் செலவு எல்லாம் கூட்டி அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், வக்கீலாகச் சொல்வது: தமிழ்நாட்டு நம்பரோடு, முதல் ஓனரிடமிருந்து, கைபடாத இன்ஜினோடு ஒரு பழைய ஆக்டேவியா கோவையிலோ சேலத்திலோ கிடைக்கிறதா என்று ஒரு மாதம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மகன் பேச்சைக் கேளுங்கள். கே.ஏ. 51-ஐ மூன்றாவதாக வையுங்கள்.

எதை எடுத்தாலும், செடியாவின் பாலிசியில் நீங்கள் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். விற்ற பிறகு கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளலாம், உச்சம் 50%. செடியாவின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகையும் வண்டி கைமாறும் அன்றே வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் சுங்கச்சாவடி தாண்டும்போதெல்லாம் உங்கள் கணக்கில்தான் கழியும்.