விற்பவரின் எண்



மோதி பாக்கை ஒட்டிய சத்திய நிகேதனில் அறை எடுத்துத் தங்கியுள்ள நம்மவரிற் சிலர், படிப்புச் செலவை ஈடுகட்ட மாலை வேளைகளில் விற்பனை வேலை பார்க்கின்றனர். முன்னாளில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒரு கடைப்பலகை இருந்தது. இன்று சேலையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கடை முதலாளியுடையது, எண்ணோ நம்முடையது.

என்னுடன் பயிலும் தோழி ஒருவர் அவ்வாறே ஒரு சேலைக் கடைக்காகத் தம் சொந்த எண்ணில் விடையளித்து வந்தார். மூன்று சேலை வாங்கிய ஒருவர், பிறகு சேலையைப் பற்றிப் பேசவேயில்லை. ஒருநாள், "உங்கள் கல்லூரி வாசலில் மழையா?" என்று செய்தி வந்தது. கல்லூரியின் பெயரைத் தோழி எவரிடமும் சொன்னதில்லை. முதலாளியிடம் முறையிட்டார், "நல்ல வாடிக்கையாளர் அம்மா, பகைத்துக்கொள்ளாதே" என்பதே கிடைத்த விடை.

அம்மனிதர் எவ்வாறு அறிந்தார்? விஞ்ஞானம் பயிலும் எனக்கு முதலில் எழுந்த ஐயம் இதுதான். தோழியின் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆராய்ந்தோம். முன்பணத்தைத் தம் கணக்கிலேயே பெற்றிருந்தார். யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்துகிறவருக்கு, பெறுகிறவரின் வங்கிப் பெயர் தெரியும். முகப்புப் படத்தில் கழுத்திலே அடையாள அட்டையின் நாடா. அதில் கல்லூரியின் பெயர். இரண்டையும் சேர்த்துத் தேடினால் இன்ஸ்டாகிராம் கணக்கு வந்து நிற்கிறது. இதில் மாயம் ஏதுமில்லை.

படத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இடங்காட்டி இயங்கும்போது எடுத்த படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் பதிந்திருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். நெசவு தெளிவாகத் தெரியட்டும் என்று ஆவணமாக அனுப்புவோர் கவனிக்க! அறையில் எடுத்த படமென்றால், நீங்கள் அனுப்புவது சேலையை மட்டுமன்று.

ஆகவே, வேலையில் சேருமுன் கடையின் பெயரில் தனி எண் கேளுங்கள். பணம் கடைக் கணக்குக்கே போகட்டும். முகப்பில் கடைச் சின்னம் போதும். வாடகைக் கார் நிறுவனங்கள் ஓட்டுநர், பயணி இருவர் எண்ணையும் இடையில் வேறோர் எண் வைத்து மறைக்கும்போது, ஒரு தனி சிம் வாங்குவது கடைக்காரருக்குப் பெரும் பாரமா?

முதலாளியின் விடை சட்டத்துக்கும் பொருந்தாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புகொள்ளும் வெளியாரிடமிருந்தும் பெண்ணுக்குப் பாதுகாப்பளிப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. அவள் போலீசில் புகார் செய்ய விரும்பினால் உதவவும் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் கடையானால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் முறையிடலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 78ஆம் பிரிவோ, ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் ஓர் ஆண் அவளை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதைக் குற்றமென்கிறது. முதல் முறைக்கே மூன்றாண்டுவரை சிறை.

"தெளிவாக" என்ற சொல்லைக் கவனியுங்கள். மரியாதை கருதி மழுப்பாமல், "இனிச் செய்தி அனுப்ப வேண்டாம்" என்று ஒருமுறை எழுதுங்கள். அதன்பின் வருவதையெல்லாம் தேதியுடன் திரைப்படியெடுத்து வைத்துவிட்டு எண்ணை முடக்குங்கள். ஆபத்து நெருங்கினால் 112ஐ அழைக்கத் தயங்காதீர்கள். ஆண் தோழர்களுக்கு மேற்கண்ட இரு பிரிவுகளும் உதவா என்பது குறை. எண்ணைக் காப்பது அவர்களுக்கும் பொதுவே.

தோழியோ அருவருப்பில் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட்டார். வேலையையும் விட்டு, எண்ணையும் மாற்றினார். பழைய எண்ணை வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் மாற்றுவதற்கு அவர் அலைந்த நாட்களில் இரண்டு செய்முறை வகுப்புகள் போயின. இப்போது வேறொரு கடையில் கேட்டிருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசுமுன், "எந்த எண்ணில் பேச வேண்டும்?" என்று கேட்டாராம். இன்னும் விடை வரவில்லை.