வலிக்காத கல்

மைசூர் ஹெப்பாளில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் கொத்தனார். இரண்டு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அதன் உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கியது. மார்புக்குக் கீழே அசைவும் போனது, உணர்வும் போனது. அன்று முதல் சக்கர நாற்காலிதான்.

ஒரு நாள் மாலை அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. சிறுநீர் கலங்கி நாற்றம் அடித்தது.

“என்னங்க, இடுப்பு வலிக்குதா?” என்று மனைவி கேட்டார்.

“இல்லையே. எந்த வலியும் இல்ல.”

“வாழைத்தண்டு சாறு கொடு. சரியாயிடும்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அந்த நேரம் நர்சம்மா வந்தார். “அவருக்கு உணர்வே இல்லையேம்மா. வலி எப்படித் தெரியும்? இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க” என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் கல்! அது சிறுநீர் வரும் வழியை அடைத்திருந்தது. உள்ளே சீழ் பிடித்திருந்தது. டாக்டர் முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார். கிருமியைக் கொல்லும் மருந்து கொடுத்தார். காய்ச்சல் தணிந்த பிறகுதான் கல்லை எடுத்தார். தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

கல் ஏன் வருகிறது?

நடமாட்டம் இல்லாவிட்டால் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து சிறுநீரில் சேரும். சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். சில கிருமிகளே கல்லை உண்டாக்கும்.

கல்லை எப்படி எடுப்பார்கள்?

சிறிய கல்லை வெளியிலிருந்து அதிர்வு அலை செலுத்தி உடைப்பார்கள். சிறுநீர் வழியாகக் கருவியை விட்டும் உடைப்பார்கள். பெரிய கல் என்றால் முதுகில் சிறு துளை போட்டு எடுப்பார்கள். கிருமியால் வந்த கல்லில் துண்டு மிஞ்சினால் அது மறுபடியும் வளரும். அதனால் முழுவதும் எடுப்பது முக்கியம்.

நாம் கவனிக்க வேண்டியவை:

• தண்ணீர் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு, அந்த அளவு தவறாமல் குடிக்க வேண்டும்.
• சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும்.
• டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும்.
• வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுப்பது நல்லது.
• குளிர் காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், காலில் இழுப்பு அதிகமாவது, திடீர்த் தலைவலி, முகத்தில் வியர்வை: இவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கவனமாக இருந்தால் இவர்களும் பல காலம் வாழலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அடிபட்டது. அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்து, 1986-இல் மறைந்தார்.

கொத்தனார் இப்போது நலம். தண்ணீர்ச் செம்பு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுக்க வேண்டிய தேதியை அவர் மனைவி காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

பேசுவோம்

1. கொத்தனாருக்கு ஏன் வலி தெரியவில்லை?
2. டாக்டர் முதலில் என்ன செய்தார்? ஏன்?
3. உங்கள் தெருவில் இப்படி யாராவது இருக்கிறார்களா? அவருக்கு நீங்கள் எப்படி உதவலாம்?