ரேகையில் குறையா, அனுமதியில் குறையா?

நவம்பர் பிறந்தால் பொன்மலையில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாச்சா?" 1928-ல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது முதல், ஆர்மரி கேட் வழியாக வேலைக்குப் போய் ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்று தர வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். விட்டுப்போனால் அடுத்து வர வேண்டிய ஓய்வூதியம் நின்றுவிடும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் வந்த பிறகு, இதற்காக வங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆதாரும், ஒரு கணினியும், கைரேகை வைக்கும் சின்னக் கருவியும் போதும்.

அந்தக் கணினிதான் சில நேரம் மக்கர் பண்ணும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மையத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. விரலை வைக்கச் சொல்கிறார்கள், வைக்கிறார். விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அப்பவும் விழவில்லை. "இரும்பு வேலை பார்த்த கை ஐயா, ரேகை தேஞ்சிருக்கும். ஆதாரை அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீடு வரும் வரை அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டு வருவார்.

வயதானால் ரேகை தேய்வது உண்மைதான். ஆனால் பழியை எப்போதும் விரல் மேல் போடக் கூடாது. சில நேரம் விஷயம் விரல் வரைக்கும் வந்தே இருக்காது.

திரையில் வரும் எண்ணைப் பாருங்க. 300 என்றால் ரேகை ஆதாரோடு பொருந்தவில்லை. 330 என்றால் அவருடைய ரேகை ஆதாரில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, திறந்துவிட்டு வரலாம். 710 என்றால் கருவியை வேறு ஒரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது. 720 என்றால் கருவியே தயாராகவில்லை. கடைசி இரண்டுக்கும் அப்பாவின் விரலுக்கும் சம்பந்தமே கிடையாது. எண் தெரியவில்லை என்றால் இன்னொரு அடையாளம் உண்டு: ரேகை எடுக்கும்போது கருவியில் விளக்கே எரியவில்லை என்றால், விரலை எத்தனை தடவை துடைத்தும் பயனில்லை.

கருவியைச் செருகினால் மட்டும் அது வேலை செய்யாது. 'ஆர்டி சர்வீஸ்' என்ற மென்பொருள் திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரேகையை ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. விண்டோஸ் கணினியில் இந்த மாதிரி சர்வீஸை நிறுவுவதற்கும், அது நின்றுபோனால் மறுபடி ஓடவிடுவதற்கும் நிர்வாகி உரிமை, அதாவது நாம் பேச்சில் சொல்கிற 'அட்மின் பவர்', தேவை. அலுவலகக் கணினியில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சாதாரணப் பயனர் கணக்கில்தான் இருப்பார். 'ஆக்சஸ் ஈஸ் டினைட்' என்று வரும். அல்லது ஒன்றுமே வராமல், கருவி மட்டும் சும்மா கிடக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் அட்மின் பவரைக் கொடுத்துவிட்டால் என்ன? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நாளில் வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் பலர் அட்மினாகவேதான் வேலை பார்த்தார்கள். வைரஸ் உள்ளே வந்தால் அதுவும் அட்மினாகிவிடும். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டா முதல்தான் "இதைச் செய்யட்டுமா?" என்று கேட்டு நிறுத்தும் பழக்கம் வந்தது. பழைய பணிமனைகளின் டூல் ரூமை நினைத்துப் பாருங்க. தொழிலாளி தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்து, அன்றைக்கு வேண்டிய கருவியை மட்டும் வாங்கிப் போவார். டூல் ரூம் சாவியை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. கணினியிலும் வழி அதுதான்: தேவைப்பட்ட ஒன்றை மட்டும் திறந்துவிட வேண்டும்.

ஆகவே மையத்தில் கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தம்பி, ஆர்டி சர்வீஸ் ஓடுதான்னு ஒரு தடவை பாத்துடுறீங்களா?" ஓடவில்லை என்றால், அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் ஒரு முறை வந்து, சர்வீஸ் பட்டியலில் அதைத் திறந்து, தொடங்கும் வகையை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட்டால் போதும். அதன் பிறகு கணினியைப் போட்டதும் அது தானாக ஓடும். சாதாரணப் பயனர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இனி, நீங்களே ஓர் அலுவலகத்தில் கணினி முன் உட்காருபவர் என்றால் உங்களுக்குச் சில வார்த்தை. ஒரு மென்பொருள் திறக்கவில்லை, திறந்தாலும் சேமிக்கவில்லை என்றால், அட்மினை வரச்சொல்லி அதே மென்பொருளை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதில் ஓடி, உங்கள் கணக்கில் ஓடவில்லை என்றால் குறை அனுமதியில்தான். இது சோதனை மட்டும்தான், மருந்து இல்லை. தினமும் அப்படியே ஓட்டினால் பூட்டு போட்டதற்கே அர்த்தமில்லை. பழைய மென்பொருள்கள் தங்கள் கோப்புகளை 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும், அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு உரிமை கிடையாது. அந்த மென்பொருளின் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும், 'செக்யூரிட்டி' பகுதியில் பயனர்களுக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எந்த இடத்தில் தடுக்கிறது என்றே தெரியவில்லையா? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ப்ராசஸ் மானிட்டர்' எந்தக் கோப்பில் அனுமதி மறுக்கப்பட்டது என்று வரி வரியாகக் காட்டும்.

சில குறைகள் வேறு வேஷத்தில் வரும். எல்லா இணையதளமும் ஒரே நாளில் 'பாதுகாப்பற்றது' என்று சொன்னால் கடிகாரத்தைப் பாருங்க. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அதைத் திருத்தவும் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. அட்மின் தேதியைத் திருத்தி, புது பேட்டரியும் போட வேண்டும். இன்னொன்று தமிழ் எழுத்துரு. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், எழுத்துருவை நிறுவினால் அது நிறுவியவர் கணக்குக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதே கணினியில் அடுத்த ஷிஃப்ட்காரர் நுழைந்தால், பழைய வகை எழுத்துருவில் அடித்த கடிதம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். எழுத்துரு மேல் ரைட் கிளிக் செய்து 'எல்லாப் பயனருக்கும் நிறுவு' என்று கொடுத்தால் தீர்ந்தது. அதற்கும் அட்மின்தான் வேண்டும்.

பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவது மட்டும் வேண்டாங்க. பணம் கேட்டு மிரட்டும் வைரஸுக்கு அட்மின் உரிமை கிடைத்தால், விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களையும் அழித்துவிட்டுத்தான் மிரட்டும்.

மையத்தில் சரியாகாவிட்டாலும் கையில் போன் இருக்கிறதே. 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டியே வாழ்நாள் சான்று தரலாம். ஜீவன் பிரமாண் ஆப், ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப் இரண்டும் வேண்டும். இங்கேயும் அதே அனுமதிக் கதைதான். ஆண்ட்ராய்டு 11 முதல், சில மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகளை போன் தானாகவே எடுத்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற ஆப் இது! போன நவம்பரில் கொடுத்த கேமரா அனுமதி இந்த நவம்பரில் இருக்காது. 'வேண்டாம்' என்று இரண்டு தடவை தட்டிவிட்டால் ஆப் மறுபடி கேட்கவும் செய்யாது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இரண்டு ஆப்புக்கும் கேமரா அனுமதி இருக்கிறதா என்று பாருங்க. ஃபேஸ் ஆர்டி ஆப்பின் படம் முகப்புத் திரையில் தெரியாது, இந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். பிறகு ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அப்பாவை உட்கார வையுங்க.

இதுவும் சரிவரவில்லையா? தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம். 2020 முதல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி, 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டு வாசலில் இதைச் செய்து தருகிறது. பிபிஓ எண், ஆதார், வங்கிக் கணக்கு எண், மொபைல் எண் நான்கும் தயாராக இருக்கட்டும். முடிந்ததும் பிரமாண் ஐடி குறுஞ்செய்தியாக வரும். அது வந்ததோடு விட்டுவிடாதீங்க. ஓய்வூதியம் தரும் வங்கி அதை ஏற்றுக்கொண்டதா என்று சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் பார்த்து, அப்பாவிடம் சொல்லிவிடுங்க.